பாட்டியின் ஒரு மில்லிமீட்டர்

கண்புரை அறுவைக்காக ஈப்போவுக்கு அழைத்துப்போனபோது பாட்டியின் வலது கண் முழுக்க வெளுத்திருந்தது. "பொகை மாதிரிதான்யா இருக்கு, சரியாப் போயிடும்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நம்புவது வசதியாக இருந்ததால் நாங்களும் நம்பினோம்.

புரையை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸின் பவரை முடிவுசெய்யக் கண்ணின் நீளம் தெரியவேண்டும். கருவிழியிலிருந்து விழித்திரை வரை, பெரும்பாலோருக்கு 22 முதல் 25 மில்லிமீட்டர். அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை, மூன்று டயாப்டர் தப்பிப்போகும்.

முதலில் ஒளிக்கருவி. தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும், கண்ணை எதுவும் தொடாது. இடது கண்ணுக்கு உடனே 22.94 என்று வந்தது. வலது கண்ணுக்கு எண்ணே வரவில்லை. ஒளி உள்ளே போய்த் திரும்பினால்தானே அளக்கமுடியும்? முற்றிய புரையில் அதற்கு வழியில்லை. நீண்ட அலைநீள ஒளியைப் பயன்படுத்தும் புதிய கருவிகள் அடர்ந்த புரையையும் ஓரளவு ஊடுருவும். முழுக்க வெளுத்த கண்ணில் அவையும் தோற்பதுண்டு.

மீயொலிக்கு மாறினார்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டு, பேனா போன்ற கருவியின் நுனியைத் தாதி கருவிழிமேல் வைத்தார். "நெனெக், ஜாங்கான் கெராக்." ஒலி விழித்திரையில் மோதித் திரும்பும் நேரத்தை வைத்து நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் கை கொஞ்சம் அழுத்தினாலும் கண் அமுங்கி நீளம் குறைந்து காட்டும். அதை நம்பி லென்ஸ் வைத்தால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்.

22.5 வந்தது. தாதி இடது கண்ணின் எண்ணைப் பார்த்தார். பெரும்பாலும் ஒருவருடைய இரண்டு கண்களும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். இன்னும் மெதுவாக வைத்தார். 22.7. 22.9. மறுபடியும் 22.9.

வெளியே வந்ததும் பாட்டியிடம் விளக்கினேன். "தொடணும், ஆனா அமுக்கக்கூடாது பாட்டி." சிரித்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். "உளி ஆழமாப் போனா மரத்துல காயம். மேலாப் போனா பால் வராது."

பட்டையின் உட்பகுதியில்தான் பால்குழாய்கள் அதிகம். அதுவரை சீவி, வளர்படலத்தைத் தொடாமல் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்கவேண்டும். விடியுமுன் நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், கையை மட்டும் நம்பி. அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

நாங்கள் தாமதித்த கண்ணுக்குத்தான் ஒரு நல்ல கை தேவைப்பட்டது. அன்று அது கிடைத்தது.

இடது கண்ணுக்கும் தேதி வாங்கிவிட்டோம். இந்த முறை பொகை என்று யாரும் சொல்லவில்லை.