நிமிடத்துக்கு 320 காலடி

‘கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாளமும் ஆட்டமும் ரத்தத்திலேயே ஊறியது’ என்று அமெரிக்காவில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியாகத் தொடங்கிய ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ‘மார்ச்சிங் 100’ பேண்டு பயிற்சி எடுக்கும் மைதானத்தில் ஒரு மாலை முழுக்க நின்றுவிட்டு வந்ததிலிருந்து, அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

டலஹாசி நகரில் இருக்கும் அந்த மைதானத்தைப் பேண்டுக்காரர்கள் ‘பேட்ச்’ என்கிறார்கள். ஆகஸ்ட் மாதம். வெயில் தாழ்ந்தும் புழுக்கம் விடவில்லை. அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் இடைவேளையில் நடத்தப்போகும் சில நிமிட நிகழ்ச்சிக்கான பயிற்சி அது. நான் போன நேரத்தில் பாட்டே இல்லை. வாத்தியங்கள் கையில் இருந்தன. வேலை மட்டும் காலுக்கு.

மைதானத்தில் 5 கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு மிகச் சரியாக 8 காலடி, அதாவது காலடி ஒன்றுக்கு 22.5 அங்குலம். அமெரிக்க பேண்டுகளின் பொதுக் கணக்கு இது. ஆறடி இளைஞன் தன் நடையைச் சுருக்க வேண்டும்; அவன் பக்கத்தில் நிற்கும் குட்டையான பெண் எட்டிப் போட வேண்டும். எட்டாவது எண்ணிக்கையில் இருவர் பாதமும் கோட்டில் இறங்கியாக வேண்டும். தொடை தரைக்கு இணையாக எழும்ப வேண்டும், பாதத்தின் நுனி கீழே பார்க்க வேண்டும், இடுப்புக்கு மேலே உடம்பு அசையவே கூடாது. ஏன் என்று டிரம்பெட் வாசிக்கும் ஒரு மாணவரிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். உட்புறம் பல் பதிந்த தழும்பு. “உடம்பு குலுங்கினா ஊதுவாய் பல்லுல இடிக்கும் சார். சுருதியும் போயிடும், உதடும் கிழியும்” என்றார்.

வேகம்தான் கடினம் என்று நினைத்திருந்தேன். இந்த பேண்டு நிமிடத்துக்கு 320 காலடி வரை போகும். நொடிக்கு ஐந்துக்கும் மேல். ஆனால் பிள்ளைகள் பயப்படுவது நிமிடத்துக்கு 20 காலடி வைக்கும் மெதுநடைக்கு. காலைத் தூக்கினால் அது தரையைத் தொட மூன்று நொடி ஆகும். தோளைச் சுற்றிச் சுமார் 15 கிலோ எடையுள்ள சூசாஃபோன் என்ற பெரிய ஊதுகருவி தொங்க, ஒற்றைக் காலில் அந்த மூன்று நொடியைக் கடந்து பாருங்கள். ஒரு பெண்ணின் ஊன்றிய கால் நடுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை நடுக்கம்; வாத்தியத்தின் அகன்ற வாய் மட்டும் அசையவில்லை. வரிசைத் தலைவன் முழங்கால் உயரம் போதாதென்று மறுபடி நடக்கச் சொன்னான். மறுபடியும். அதற்குப் பிறகும் ஒருமுறை.

இதில் ரத்தத்தில் ஊறியது எது?

இந்த பேண்டை 1946 முதல் 1998 வரை நடத்தியவர் வில்லியம் பி. ஃபாஸ்டர். இசைக்குழு நடத்துநர் ஆகவேண்டும் என்பது அவர் கனவு. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கறுப்பினத்தவருக்கு அந்த வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் டலஹாசிக்கு வந்து, ஊதிக்கொண்டே ஆடும் இந்தக் கலையை அங்குலக் கணக்கில் வகுத்தார். மைதான பேண்டு நடத்தும் முறையைப் பற்றி 1968-ல் பாடநூலே எழுதினார். 1989-ல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு ஊர்வலத்துக்கு அமெரிக்காவின் சார்பில் பாரிஸ் போனது இந்த பேண்டுதான். 2007-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளையில் பாடகர் பிரின்ஸோடு கொட்டும் மழையில் வாசித்ததும் இவர்கள்தான். இவ்வளவுக்குப் பிறகும், பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் பேண்டுக்குத் ‘துல்லியம்’ என்றும் இவர்களுக்குக் ‘கொண்டாட்டம்’ என்றும் பெயர் பிரித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டத்தைப் பார்த்ததும் காதை மூடிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

பேண்டுப் பிள்ளை என்றால் விளையாட்டுக்கு லாயக்கில்லாத புத்தகப் புழு என்பது அமெரிக்காவில் இன்னொரு பழங்கதை. நான் பேசிய கிளாரினெட் மாணவி மருந்தியல் படிக்கிறார். வகுப்பு, ஆய்வகம், பிறகு மாலையில் பேட்ச். அவருடைய கெண்டைக்கால் தசையைப் பார்த்தவர்கள் அந்தக் கதையை மறுபடி சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மறைக்க முடியாது. 2011 நவம்பரில், ஆர்லாண்டோவில் ஒரு போட்டி முடிந்த இரவு, பேண்டுப் பேருந்துக்குள் நடந்த ராகிங்கில் பேண்டை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர்களில் ஒருவர் அடிபட்டு இறந்தார். பேண்டு நிறுத்திவைக்கப்பட்டு, 2013-ல்தான் மைதானத்துக்குத் திரும்பியது. கட்டுப்பாட்டை இவ்வளவு உயர்த்திப் பிடிக்கும் இடத்தில், அடியையும் கட்டுப்பாடு என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நுழைந்துவிடும் ஆபத்து உண்டு. அன்று மைதானத்தில் அந்தப் பேச்சை எடுத்தபோது யாரும் மழுப்பவில்லை. அதே நேரம், அந்த ஒரு இரவை வைத்தே தங்களை எடைபோடுவது அவர்களுக்கு வலிக்கிறது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

கறுப்பினக் கல்லூரிப் போட்டிகளில், பேண்டைப் பார்ப்பதற்காகவே, இடைவேளைக்கு யாரும் எழுந்து போவதில்லை. தின்பண்டம் வாங்கப் போவதெல்லாம் ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான். தொலைக்காட்சியோ பெரும்பாலும் அந்த நேரத்தில் ஸ்டூடியோவுக்குத் தாவி, முதல் பாதியை அலச ஆரம்பித்துவிடும். கல்லூரிக் கால்பந்தில் இடைவேளை 20 நிமிடம். அதையும் இரண்டு பேண்டுகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கேமராவை மைதானத்தின் மேலேயே விட்டுவைக்கும்படி ஒளிபரப்புகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அலசலைப் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.