ரோமின் குளிரில் எழுத்தைத் தேடி

டெர்மினி ரயில் நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் ஜனவரிக் குளிர் முகத்தில் அறைந்தது. சுன்னாகத்து மார்கழிப் பனிக்கே தலையில் துவாய் கட்டுகிற ஆள் நான். "மாமா, காதை மூடுங்கோ, தடிமன் பிடிச்சிடும்" என்று மருமகன் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டான். தெருமுனையில் செஸ்ட்நட் கொட்டை வறுக்கும் புகை. கோப்பிக்கடையில் எல்லோரும் நின்றபடியே இரண்டு மிடறில் குடித்துவிட்டு நடக்கிறார்கள். இருந்து குடித்தால் கூடக் காசாம்!

இந்த ஊரில் நிமிர்ந்தாலும் எழுத்து, குனிந்தாலும் எழுத்து. சாக்கடை மூடியில்கூட 'எஸ்.பி.கியூ.ஆர்.' என்று பொறித்திருக்கிறார்கள்; ரோமின் செனட்டும் மக்களும் என்பதன் சுருக்கம். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம் நாங்கள். மிதிக்கக் கூசி, நான் தாண்டித் தாண்டி நடந்ததைப் பார்த்து மருமகன் சிரித்தான்.

நிலையத்துக்கு எதிரிலேயே டயோக்ளீஷியன் மன்னரின் குளியல் மண்டபம். இப்போது அதன் ஒரு பகுதி கல்வெட்டு அருங்காட்சியகம். உள்ளே, ரோமன் ஃபோரத்தில் 1899இல் ஜாக்கோமோ போனி தோண்டியெடுத்த கல்தூணின் வார்ப்புப் பிரதி நிற்கிறது. மூலக்கல் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குரியது. கிட்டப்போய்ப் பார்த்தேன். ஒரு வரி கீழிருந்து மேலே ஏறுகிறது, அடுத்த வரி மேலிருந்து கீழே இறங்குகிறது, எங்கள் செம்மண் தோட்டத்தில் மாடு உழுது திரும்புவதுபோல! எழுத்துகளும் வரிக்கு வரி முகம் திருப்பிக்கொள்கின்றன. பள்ளியில் நான் படித்த ஏ, பி, சி, டியா இது? தலை சுற்றியது.

கதை இன்னும் பழையது. பினீசியரிடம் கிரேக்கர் எழுத்தை வாங்கி, உயிரெழுத்து சேர்த்து, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களிடமிருந்து எத்ருஸ்கர், எத்ருஸ்கரிடமிருந்து ரோமானியர். எத்ருஸ்க மொழியில் 'கடை'யில் வரும் ககர ஒலி உண்டு, 'சங்க'த்தில் வரும் ககர ஒலி கிடையாது. 'சி' ஒன்றே அவர்களுக்குப் போதும். ரோமானியருக்கோ இரண்டு ஒலியும் வேண்டும். இருந்தும் நெடுங்காலம் அந்த ஒரே எழுத்தை வைத்துச் சமாளித்தார்கள், நாங்கள் இன்றைக்கும் ஒரே 'க'வை வைத்துச் சமாளிக்கிறோமே, அப்படி!

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஸ்பூரியஸ் கார்விலியஸ் என்பவர் 'சி'யில் சின்னக் கோடு ஒன்று இழுத்து 'ஜி' ஆக்கினார் என்பது மரபு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர், ரோமில் கட்டணம் வாங்கிப் பள்ளி நடத்திய முதல் ஆள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அட, எங்கள் ரியூசன் மாஸ்டர்மாருக்கு மூத்தவர்! எங்களுக்கும் இப்படியொருவர் இதே இத்தாலியிலிருந்துதான் வந்தார். 1680இல் காஸ்திலியோனேயில் பிறந்த வீரமாமுனிவர், எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் கண்ணுக்குத் தனித்தனியே தெரியும்படி வரிவடிவைத் திருத்தினார்.

பின்னேரம் டிராஜன் தூணடிக்குப் போனோம். விரல் விறைத்துவிட்டது. கி.பி. 113இல் எழுப்பிய தூண். பீடத்தில் ஆறு வரிகள். மேல்வரி எழுத்துகள் சற்றுப் பெரியவை, கீழிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியட்டும் என்பதற்காக என்கிறார்கள். என்ன வடிவு! கணினியில் உள்ள 'டிராஜன்' எழுத்துரு 1989இல் இதைப் பார்த்துத்தான் உருவானது. 'யூ' வரவேண்டிய இடமெல்லாம் 'வி' நிற்கிறது. ஜே, யூ, டபிள்யூ மூன்றும் அன்றைக்குப் பிறக்கவேயில்லை.

இந்தத் தூணுக்கு முன்பே கிளாடியஸ் என்ற பேரரசர் மூன்று புது எழுத்துகளைச் சேர்க்க ஆணையிட்டார். கல்லிலும் வெட்டினார்கள். கி.பி. 54இல் அவர் இறந்தார், எழுத்துகளும் வழக்கொழிந்தன. பள்ளிக்கூட வாத்தியார் போட்ட கோடோ இன்றும் உலகமெங்கும் வாழ்கிறது. எழுத்து அரசனுக்குப் பணியாது, எழுதுகிறவன் கைக்குத்தான் பணியும். ரோமுக்குப் போகிறவர்களே, கொலோசியத்துக்கு ஓடுமுன் டெர்மினிக்கு எதிரிலுள்ள அந்தக் கல்வெட்டுக் கூடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.