பரங்கிக்காய் சுதேசிதானா?

மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து மஞ்சள் பரங்கிப் பூவைச் செருகும் வழக்கம், ஆதிகாலந் தொட்டு வருவதென்று எண்ணாதவர் அரிது. ஆனால், ஆண்டாள் வாழ்ந்த காலத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பூ மலர்ந்திருக்க நியாயமேயில்லை!

பரங்கிக் கொடியின் பிறந்தகம் அமெரிக்கா. மெக்ஸிகோ தேசத்துக் குகையொன்றில் அக்குலத்துக் காயின் விதைகள் அகப்பட்டிருக்கின்றன. அவற்றின் வயது ஏறக்குறைய 10,000 வருஷம். காட்டுக் காயின் சதை கசக்கும். விதைக்காகவே முதலில் அதை வளர்த்தார்கள். நல்ல காயாகப் பொறுக்கி விதைத்து, சதையில் தித்திப்பை வரவழைத்தவர்கள் அந்நாட்டு ஆதிக்குடிகள். மக்காச்சோளம், அவரை, பரங்கி மூன்றையும் அவர்கள் ஒரே வயலில் இட்டார்கள். சோளத்தட்டை அவரைக்குக் கொம்பு. அவரை மண்ணுக்கு உரம். பரங்கியிலை ஈரங்காக்கும் குடை. பிற்பாடு குடியேறிய வெள்ளையரின் பசியையும் இக்காய் தீர்த்தது. ஏழை உணவென்றும் மாட்டுத் தீனியென்றும் ஒரு காலத்தில் இகழப்பட்ட அதுவே, இன்று நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்தில் இனிப்புப் பட்சணமாய் வீற்றிருக்கிறது.

கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கா சென்ற பிறகே அது கடல் கடந்தது. 1498-ல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்த்துகீசியரை நம்மவர் பரங்கியர் என்றனர். காய்க்கும் அப்பெயரே நிலைத்தது. ஆண்டாளின் காலமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

ஆகவே, இதை அந்நியச் சரக்கென்று தள்ளிவிடலாமா? பெரியாறு, கோவிலாறு அணைகள் அமைந்த பிளவக்கல் மலையடிவாரத்துக்கு நாம் சென்றிருந்தபோது, ஒரு தோட்டத்தில் அம்மாள் ஒருவர் பரங்கி விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்திக் கொண்டிருந்தார். "இது பரங்கியர் கொண்டுவந்த காயாமே, அம்மா?" என்றோம்.

"யாரு கொண்டாந்தா என்ன அண்ணாச்சி? இது எங்க மாமியா குடுத்த விதை. என் மருமவளுக்கும் குடுப்பேன்" என்றார். கோலத்துக்கு ஆண் பூவை மட்டுமே பறிப்பார்களாம். பிஞ்சு தாங்கிய பெண் பூவைத் தொடுவதில்லையாம்.

நமக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கோ பிறந்த கொடியை நம் மண்ணுக்கு உரிமையாக்கியது இந்த விதைக் கலயந்தான். இப்போது கடையில் வீரிய ஒட்டு விதை கிடைக்கிறது, விளைச்சலும் மிகுதி. ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே காய்ப்பதில்லை. ஆண்டுதோறும் காசு கொடுத்தே வாங்கவேண்டும். அதை வாங்குவது குற்றமன்று. எனினும், வீட்டுக்கொரு கொடியாவது சொந்த விதையில் படரட்டும். மாமியார் கலயம் என்று வெறுமையாகிறதோ, அன்றுதான் பரங்கிக்காய் மெய்யாகவே அந்நியமாகும்.