நின்றது எது?

விடுதியில் என் பக்கத்து அறை நண்பர் ஈஸ்ட் செல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தம் அம்மா படிக்க வேண்டும் என்று விரும்பி, அதைத் தமிழில் எழுதித் தருமாறு சென்ற மாதம் என்னிடம் கேட்டார். மொழியியல் படித்தவன் என்னும் நம்பிக்கையில் அவர் கேட்டார். அதே நம்பிக்கையில் நானும் ஒரே இரவில் இரண்டு பக்கங்களை எழுதி முடித்தேன். அவருடைய அம்மா சத்துணவு மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். படித்துவிட்டுத் தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டார்: “வளர்ச்சி நின்னுடுதுன்னு போட்டிருக்கு. அடுத்த வரியிலேயே ஒரு பக்கமா நீண்டு வளருதுன்னும் இருக்கு. ரெண்டுல எதுப்பா சரி?”

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டின் ஒருமடிய செல்களில் ‘ஏ’, ‘ஆல்பா’ என இரு வகைகள் உண்டு. துணை அருகில் இல்லாதவரை இரண்டும் மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருக்கும். ஆல்பா செல் 13 அமினோ அமிலங்களாலான ஒரு பெரோமோனைச் சுரக்கிறது. ஏ செல் சுரப்பதில் 12 அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பு வாலும் உள்ளன. ஒன்று சுரப்பதை மற்றது உணரும். ஏ செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி ஆல்பாவின் பெரோமோனைப் பற்றியதும், செய்தி கைனேஸ் புரதங்களின் வரிசையில் கைமாறிச் சென்று ஃபார்1 என்னும் புரதத்தை எட்டுகிறது. ஃபார்1 செல்சுழற்சியை ஜி1 கட்டத்தில் நிறுத்திவிடுகிறது. டி.என்.ஏ. இரட்டிப்பு தொடங்காது, மொட்டும் வராது. இரண்டு செல்களும் ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒற்றைப் படியோடு இருக்கும்போதே இணைய வேண்டும் என்பதால் இந்த நிறுத்தம் தேவைப்படுகிறது. ஈஸ்டால் நகர முடியாது. ஆகவே பெரோமோன் மிகுந்து வரும் திசையை நோக்கித் தன் உடலையே நீட்டுகிறது. பேரிக்காய் போன்ற அந்த வடிவத்துக்கு ‘ஷ்மூ’ என்று பெயர். ஆல் கேப் 1948இல் தம் ‘லில் ஆப்னர்’ படக்கதையில் உலவவிட்ட உருண்டை உயிரியிடமிருந்து உயிரியலாளர்கள் எடுத்துக்கொண்டது. ஆய்வகத்தாரின் நகைச்சுவை சில நேரம் கலைச்சொல்லாக்கக் குழுக்களைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

அப்படியானால் நின்றது பெருக்கம். நான் வளர்ச்சி என்று எழுதிவிட்டேன். நுண்ணுயிரியலாளர் குடுவையின் கலங்கலை அளந்து வரையும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் வளர்ச்சிக் கோடு என்றே பெயர். பெரும்பாலும் அது செல்களின் எண்ணிக்கை கூடுவதைத்தான் காட்டுகிறது. ஒரு செல் பருப்பதும் ஒன்று பலவாவதும் அங்கே ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பிள்ளை வளர்வதையும் குடும்பம் பெருகுவதையும் நம்மில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டு சொற்களும் கையில் இருந்தன. மூலத்தின் மங்கலை அப்படியே இறக்குமதி செய்தது நான்தான்.

மறுநாள் நண்பர் ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் ஒரு பெட்ரி தட்டைக் காட்டினார். அகார் முழுவதும் ஏ செல்கள் வெண்படலமாகப் படர்ந்திருந்தன. நடுவில், ஆல்பா பெரோமோன் தோய்ந்த சிறு தாள்வட்டு. அதைச் சுற்றித் தெளிவான ஒரு வளையம். பார்த்தவுடன், அங்கே எல்லாம் செத்துவிட்டன என்றேன். வளையத்திலிருந்து கொஞ்சம் வழித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். எல்லாம் உயிரோடு இருந்தன. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிடப் பெரியது, ஒரு பக்கம் கூம்பியது.

‘பெருக்கம் நிற்கிறது, வளர்ச்சி தொடர்கிறது’ என்று திருத்திக் கொடுத்தேன். அதுவும் முழுக்கச் சரியில்லை என்றார். எம்.ஐ.டி.யில் ஆஞ்செலிக்கா ஆமோன் குழுவினர் 2009இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகளை எடுத்துக் காட்டினார். வேறு வழியில் ஜி1 கட்டத்தில் நிறுத்தப்பட்ட செல்களைவிடப் பெரோமோனால் நிறுத்தப்பட்டவை மெதுவாகவே பருக்கின்றன. காரணம், வளர்ச்சி ஒரே முனையில் குவிவது. ஆக்டின் இழைகள் அந்த முனையை நோக்கி அணிவகுக்கும்போது, புரத உற்பத்தியை முடுக்கும் டார்க்1 என்னும் கூட்டமைப்பின் செயல்பாடு தணிகிறது. உருவம் மாறுகிற வேளையில் பருமன் கூடுவது மட்டுப்படுகிறது. ஆக, ‘பெருக்கம் நிற்கிறது, வளர்ச்சி ஒரு முனையில் குவிந்து மெல்லத் தொடர்கிறது.’ இந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

திருத்திய பக்கங்களைப் படித்த அம்மா மறுபடியும் அழைத்தார். “இப்பப் புரியுது. ஆனா, ஜோடி கிடைக்கலன்னா அது அப்படியே நின்னுட்டே இருக்குமா?”

முதல் வரைவில் இடமில்லை என்று நான் வெட்டிய பத்தியில் விடை இருந்தது. ஏ செல்கள் பார்1 என்னும் நொதியையும் சுரக்கின்றன. அது ஆல்பாவின் பெரோமோனையே துண்டாக்கிவிடும். அருகில் ஆல்பா செல் இருந்தால் பெரோமோன் வந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் மிச்சமிருப்பதும் கரைந்துபோகும். பிறகு அந்தச் செல் நிறுத்தத்திலிருந்து மீண்டு, மறுபடியும் மொட்டுவிடத் தொடங்கும்.

அந்தப் பத்தியைத் திரும்பச் சேர்த்தேன். சுருக்கம் இப்போது மூன்று பக்கம்.