பதினேழு போட்டோ

ஒரு வருஷம் ஆசியா பூராவும் சுற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதினேன். எல்லாவற்றையும் போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். முக்கால்வாசி சாப்பாடு. மீதியில் பாதி, பர்ஸ் தொலைந்த கதை!

ஹனோயில் ரோடு கிராஸ் செய்வது பற்றி ஒரு முழுப் பக்கம்! (விஷயம் ஒரே வரிதான். நிற்காமல், ஓடாமல் மெள்ள நடந்துகொண்டே இருந்தால் மோட்டார் பைக்கெல்லாம் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.) அங்கோர் வாட்டில் சூரியோதயம் பார்க்க நாலு மணிக்கு எழுந்த வீரப் பிரதாபம் இன்னொரு பக்கம். அந்தக் கோயில் மேற்குப் பார்த்தது, அதனால்தான் சூரியன் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது என்பதை மட்டும் எழுதவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. உறுத்தியது காஞ்சனபுரிதான்.

பேரைக் கேட்டால் செங்கல்பட்டு தாண்டி இருக்கிற மாதிரி தோன்றும். இருப்பது தாய்லாந்தில். பாங்காக் தோன்புரி ஸ்டேஷனில் 100 பாட் கொடுத்து மூன்றாம் வகுப்பில் ஏறினேன். க்வாய் நதிப் பாலம் 1957-ல் வந்த ஹாலிவுட் படத்தால் உலகப் பிரசித்தம். (படம் பிடித்தது இலங்கையில்!) இரண்டு கையையும் விரித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். ஊருக்குள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க் கைதிகளின் கல்லறைகள், ஏறக்குறைய 7000. அதற்கு ஒரு பாரா எழுதிவிட்டு வாழைப்பழ பஜ்ஜிக்குப் போய்விட்டேன்.

ஐந்து மாசம் கழித்துப் பினாங்கு. நாசி கண்டார் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெரியவரிடம் பெருமையாகப் போனை நீட்டினேன்.

"நல்லா இருக்கு தம்பி. எங்கப்பாவும் அங்க போனவர்தான்."

"டூரா ஐயா?"

இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜப்பான்காரர்கள் 1942-43-ல் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை அது. 415 கிலோமீட்டர். வேலை செய்த போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியக் கூலிகள் அதைவிடப் பல மடங்கு. அதில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். காலரா, மலேரியா, பட்டினி, அடி. கூலிகளில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு உத்தேசக் கணக்குதான். பேர் எழுதி வைத்தால்தானே!

"அம்மா சாகிற வரைக்கும் பொட்டு வெச்சிருந்தாங்க தம்பி. செத்துட்டார்னு யாரும் கடுதாசி போடலையே."

போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நீங்க இல்லாம பாலம் மட்டும் ஒண்ணு இருக்கா?"

பதினேழு போட்டோ. பதினேழிலும் நான்!

டிசம்பரில் மறுபடி போனேன். தமிழ்த் தொழிலாளர்களுக்காக 2023-ல் அந்த ஊரில் வைத்த நடுகல்லை இந்தத் தடவை தேடிப் போய்ப் பார்த்தேன். பிறகு பாலம். நடுவில் இரண்டு ஸ்பான் மட்டும் சதுரமாக இருக்கும். 1945-ல் குண்டு போட்டு உடைத்ததால் பின்னால் மாற்றியது. வளைவாக இருப்பதுதான் அசல். செல்ஃபிக் கூட்டம் விலக முக்கால் மணி நேரம் காத்திருந்து, அசல் பக்கமாக ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

ராத்திரி பதில் வந்தது.

"கிடைச்சது தம்பி. அங்க மழை உண்டா?"