மருதமுனைத் தறியில் இரண்டு தெறிப்புகள்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பாதையில் பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. கைத்தறிச் சாரன் என்றால் கிழக்கில் முதலில் வாயில் வரும் ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது வீடுகளோடு தறிகளும் போயின. பிறகு பலர் மீண்டும் தறி போட்டார்கள். கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால், துணியைவிடத் துணியில் விழும் கோலத்தைப் பார்க்கவே நான் போனேன்.

தறி ஓடவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், புதுப் பாவை, அதாவது நீளவாக்கு இழைகளை, கோத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்து ஒரு ராத்தா இழை இழையாகப் பிரித்துக் கொடுக்க, முன்னால் குந்தியிருந்த காக்கா கொக்கியால் அதை, சட்டத்தில் தொங்கும் விழுதின் கண்ணுக்குள் இழுத்தார். நான்கு சட்டங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரும்பி மூன்று, இரண்டு, ஒன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகளும் இந்த எண்ணிக்கையில்தான் போகவேண்டும்.

"நாலை ரெண்டு தரம் கோக்கிறல்லயா காக்கா?"

"கோத்தா தடிப்பா ஒரு கோடு உழும் சேர். துணி முடியுமட்டும் அது போகாது."

நாலாம் சட்டத்தில் ஏறிய அந்த ஒற்றை இழைதான் தெறிப்பு அச்சு. அதிலிருந்து வலப்பக்கம் மூன்றாம் இழையில், இரண்டாம் வரிசையில் ஒரு புள்ளி எழும்பினால், அது (3, 2). இடப்பக்கம் மூன்றாம் இழையும் அதே சட்டத்தில் இருப்பதால் அதுவும் கூடவே எழும்பும்: (−3, 2). உயரம் மாறாது, பக்கம் மட்டும் மாறும். அச்சின் மேலேயே இருக்கும் (0, 2) எங்கும் நகராது. அதற்குச் சோடி அதுவேதான். அச்சிழையை இரண்டு தரம் கோத்தால் இல்லாத ஒரு சோடியை உண்டாக்கியதாகிவிடும். அடுத்தடுத்த இரண்டு இழைகள் ஒன்றாகவே ஏறி இறங்கும். காக்கா சொன்ன தடித்த கோடு அதுதான்.

மற்றத் தெறிப்பு, அதாவது (3, 2) என்பதை (3, −2) ஆக்குவது, விழுதில் இல்லை, காலில் இருக்கிறது. மிதிகளை ஒரு ஒழுங்கில் மிதித்துப் போய், திருப்பத்தில் அதே ஒழுங்கைப் பின்னோக்கி மிதித்தால் மேலே விழுந்த கோலம் கீழே கவிழ்ந்து விழும். இரண்டு தெறிப்பும் சேர்ந்தால் வைரக்கட்டம்.

வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறோம்: ஒன்றில் முதல் எண்ணின் குறி மாறும், மற்றதில் இரண்டாம் எண்ணின் குறி மாறும். சதுரக்கோட்டுத் தாளில் இரண்டும் ஒரே விலைதான். தறியில் அப்படியல்ல. இடவலத் தெறிப்பு நெய்யத் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. ஒருமுறை சரியாகக் கோத்துவிட்டால் நெய்பவர் அதை நினைக்கவே வேண்டாம். ஓர் இழை பிசகினாலோ பிழை பாவின் நீளம் முழுக்க ஓடும். மேல்கீழ்த் தெறிப்பு அப்படிப் பூட்டி வைக்கக்கூடியதல்ல. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் அதை நினைவில் வைத்திருக்கவேண்டும். தவறினால் நாலைந்து ஊடை இழையைப் பிரித்துத் திரும்ப அடிக்கலாம். முதலாவதில் பிழை அரிது, வந்தால் பெருநட்டம். இரண்டாவதில் பிழை அடிக்கடி, ஆனால் மலிவு.

சாரியின் இரு கரைகளுக்கும் இதே கணக்குத்தான். அங்கே அச்சு நடுத்துணியில். ஒரு கரையில் ஓரத்திலிருந்து உள்ளே பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று வந்தால், மற்றதில் உள்ளேயிருந்து ஓரத்துக்கு மஞ்சள், கறுப்பு, பச்சை. பாவு ஓட்டும்போதே இதைக் கவனிக்கவேண்டும்.

 

கல்முனைப் பக்கத்துக் கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தெறிப்புப் பாடம் வரும் தவணையில் பிள்ளைகளை மருதமுனைக்குக் கூட்டிப் போங்கள். தறி ஓடும் நாளில் அல்ல, பாவு கோக்கும் நாளில். வரும்போது விலை பேசாமல் ஒரு சாரனும் வாங்குங்கள்.