ஒற்றைக் கோடு

அக்காவின் இரண்டாவது மகள் பிறந்த மறுநாள், குழந்தை மருத்துவர் அவளது மூடிய கையை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் இரண்டாக ஓடவேண்டிய குறுக்குக் கோடுகள் ஒன்றாகியிருந்தன. சுண்டுவிரல் சற்றே உள்நோக்கி வளைந்திருந்தது. பிறகு மேல்நோக்கிச் சரிந்த கண்கள், பிடரியில் மிகுந்திருந்த தோல், கால் பெருவிரலை அடுத்திருந்த அகன்ற இடைவெளி. குரோமோசோம் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதுவரை கை பார்த்தவர் சோதிடர் மட்டுமே. "ஆயுள் ரேகை இருக்குல்ல டாக்டர்?" என்றாள் அம்மா.

அக்கா குழந்தையின் கைகளுக்குத் துணியுறை மாட்டிவிட்டாள். கத்திரி வெயிலில்! பார்க்க வருகிறவர்கள் விரித்துப் பார்த்துவிடக் கூடாதாம்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் புத்தகங்களைப் புரட்டினேன். ஜான் லாங்டன் டவுன் இக்குழந்தைகளின் பொதுத் தோற்றத்தை விவரித்தது 1866இல். கூடுதலாக இருக்கும் 21ஆம் குரோமோசோம் அறியப்பட்டது 1959இல். இடைப்பட்ட காலத்தில் கையே ஒரு சாட்சியாக இருந்திருக்கிறது. 1930களில் ஹரால்ட் கம்மின்ஸ் இவர்களது கைப்பதிவுகளை ஆராய்ந்தார். மணிக்கட்டருகே மூன்று திசை ரேகைகள் கூடும் புள்ளி, இவர்களில் பலருக்கு உள்ளங்கையின் நடுவை நோக்கி ஏறியிருக்கிறது. கருவின் தொடக்க மாதங்களிலேயே உருவாகிவிடும் வரிகள் இவை. அந்த ஒற்றைக் கோட்டுக்கு மருத்துவ நூல்கள் நெடுங்காலம் குரங்கின் பெயரைச் சூட்டியிருந்தன. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

ஆனால் இக்குழந்தைகளிலேயே ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான் அக்கோடு உண்டு. எக்குறையுமற்ற மற்றவர்களிலும் நூற்றில் சிலருக்கு இருக்கிறது. படித்துவிட்டு என் கைகளைப் பார்த்தேன். வலது கையில் இரண்டு. இடது கையில் ஒன்று. முப்பத்தைந்து வருடங்களாக அதை நான் எண்ணியதேயில்லை. அக்காவிடம் காட்டினேன். "உனக்குமாடா?" என்றவள் என் கையை நெடுநேரம் விடவில்லை. அவள் முகத்தில் தோன்றிய நம்பிக்கையைக் கண்டதும், காட்டியிருக்க வேண்டாமோ என்றிருந்தது.

முடிவு, மருத்துவர் எண்ணியபடியே வந்தது. "கை இருக்கட்டும், முதலில் இதயத்தைப் பார்ப்போம்" என்றார். இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை உண்டாம். எக்கோவில் துளை தெரிந்தது.

வெயில் போய் மழை வந்தது, துணியுறை போகவில்லை. ஆறாம் மாதம், அறுவைச் சிகிச்சையன்று, நர்ஸ்தான் அதை உருவினார். கையைக் கவிழ்த்துப் பிடித்துப் புறங்கையில் தட்டித் தட்டி நரம்பு தேடினார். உள்ளங்கையை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் அக்காவின் சுட்டுவிரல் இருந்தது.